அமெரிக்காவில் மான் வேட்டைக்கு 'சீசன்' இருக்கு... கோவையில் ஏன் இல்லை?

நவம்பர் மாதம் வந்தால் போதும், டெக்சாஸில் இருக்கும் என் பெரியம்மா மகன் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ போட்டுவிடுவார். ஆரஞ்சு கலர் ஜாக்கெட், கையில் துப்பாக்கி, பின்னாடி ஆபீஸ் நண்பர்கள். போன தடவை தரையில் கிடந்த மானை ஜூம் பண்ணிப் பார்த்துவிட்டு, சிங்காநல்லூர் வீட்டில் எங்க அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "இது நம்ம புள்ளிமான் மாதிரியே இருக்குதே?"

மாதிரி எல்லாம் இல்லை. புள்ளிமானேதான்.

அன்றைக்கு ராத்திரி குரூப்பில் பெரிய சண்டை. தொண்டாமுத்தூர் பக்கம் வாழையும் நிலக்கடலையும் போட்டிருக்கும் எங்க மாமா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். "அங்க சுட்டா பொழுதுபோக்கு. இங்க தோட்டத்துக்குள்ள வந்ததைத் தொட்டாலே கேஸா? இது என்ன நியாயமுங்க?"

நியாயமான கேள்விதான். அதற்கு 'அது அமெரிக்கா, இது இந்தியா' என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம்.

சீசன் என்றால் என்ன?

வேட்டை சீசன் என்றதும் 'அந்த மாசம் யார் வேணும்னாலும் சுடலாம்' என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது ரேஷன் கடை மாதிரி. ஒவ்வொரு மாநிலத்தின் வனவிலங்குத் துறையும் தன் ஏரியாவைப் பல பிரிவுகளாகப் பிரித்து, எந்தப் பிரிவில் எத்தனை மான் இருக்கிறது, இந்த வருடம் எத்தனை குறைய வேண்டும் என்று மதிப்பிடுகிறது. அதற்கேற்ப லைசென்ஸும் டேக்கும் கொடுக்கிறது. ஒரு டேக்குக்கு ஒரு மான். ஆணா, பெண்ணா என்பதுவரை டேக்கிலேயே குறிப்பிடுவதும் உண்டு.

இதில் காசுக் கணக்கும் சேர்ந்தே ஓடுகிறது. 1937-ல் வந்த பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போடும் வரி மாநில வனவிலங்குத் துறைகளுக்குப் போகிறது. லைசென்ஸ் கட்டணமும் அங்கேதான். அதாவது, வேட்டைக்காரர் கொடுக்கும் பணத்தில்தான் மான்களைக் கணக்கெடுக்கும் அதிகாரிக்கே சம்பளம்.

இவ்வளவு ஏற்பாடு எதற்கு? 1900 வாக்கில், கட்டுப்பாடில்லாத வேட்டையால் அமெரிக்காவின் வெள்ளைவால் மான்கள் சில லட்சங்களாகச் சுருங்கிப் போயின. வேட்டைக்குக் கடிவாளம் போட்டார்கள், மான்கள் பெருகின. ஆனால் அதற்குள் மானைத் தின்னும் ஓநாயையும் பூமாவையும் நாட்டின் பெரும்பகுதியில் ஒழித்துவிட்டிருந்தார்கள். விளைவு, இன்று சுமார் 3 கோடி வெள்ளைவால் மான்கள். வருடத்துக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை கார் மீது மான் மோதுகிறது, அல்லது மான் மீது கார். ஓநாய் செய்துகொண்டிருந்த வேலையைத்தான் இப்போது ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட மனிதர்கள் செய்கிறார்கள்.

நம்ம புள்ளிமானின் கதை இன்னும் விசித்திரம். 1868-ல் ஹவாய் அரசர் ஐந்தாம் கமேஹமேஹாவுக்குப் பரிசாகப் புள்ளிமான்கள் போய்ச் சேர்ந்தன. டெக்சாஸுக்கு 1932-ல் போயின. இரண்டு இடத்திலும் புலி இல்லை, செந்நாய் இல்லை. பெருகித் தள்ளிவிட்டன. ஹவாயின் மாவி தீவில் இன்று அது புல்வெளியையும் பயிரையும் காலி செய்யும் தொல்லை விலங்கு. டெக்சாஸில் வெள்ளைவால் மானுக்குத்தான் சீசன். புள்ளிமானுக்கு அது கிடையாது, வருடம் முழுக்கச் சுடலாம். வெளிநாட்டு விலங்கு ஆச்சே! அவ்வளவு தூரம் போவானேன், நம் அந்தமானிலேயே இதே கதை உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் கொண்டுபோய் விட்ட புள்ளிமான்கள், தின்ன ஆளில்லாததால் தீவு தீவாகப் பரவி, அங்குள்ள காடுகளில் இளஞ்செடிகளை வளரவிடாமல் மேய்ந்துகொண்டிருக்கின்றன.

ஊட்டியிலும் சீசன் இருந்தது

இங்கே ஒரு சின்ன ஆச்சரியம். 'மான் வேட்டை சீசன்' நமக்குப் புதுசு இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் போதும். 1879-லேயே 'நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம்' என்று ஒன்றை மெட்ராஸ் அரசு கொண்டுவந்தது. எந்த மாதங்களில் வேட்டையாடக்கூடாது என்று அறிவிக்கவும், லைசென்ஸ் இல்லாமல் சுடுபவர்களுக்கு அபராதம் போடவும் அதில் வழி இருந்தது. கடமான், புள்ளிமான், வரையாடு எல்லாமே பட்டியலில் உண்டு.

'பாதுகாப்பு' என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அடுத்த வருடமும் துரைமார்களுக்குச் சுட மான் மிச்சம் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் அக்கறை. லைசென்ஸ் கிளப்பில் இருப்பவருக்குக் கிடைத்தது. அதே காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பழங்குடி மக்கள் வேட்டையாடினால் அது குற்றமானது. 'சீசன் வெச்சா எல்லாருக்கும் நல்லது' என்று இன்று யாராவது சொன்னால், எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தக் கதைதான். டேக் யார் கைக்குப் போகும்?

சுதந்திரத்துக்குப் பிறகும் வேட்டை உடனே நிற்கவில்லை. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் வடிவத்தில்கூட வேட்டை லைசென்ஸுக்குத் தனிப் பிரிவுகள் இருந்தன. பெரிய விலங்குக்கு ஒன்று, சின்ன விலங்குக்கு ஒன்று என்று வகை வகையாக. மூடிய காலம் என்ற ஏற்பாடும் இருந்தது. 1991 திருத்தத்தில்தான் அந்தப் பக்கங்கள் மொத்தமாகக் கிழிக்கப்பட்டன. ஆக, இந்தியாவில் சட்டப்படியான வேட்டை சீசன் முடிந்து இன்னும் நாற்பது வருடம்கூட ஆகவில்லை.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

'வேட்டை' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் அர்த்தம் ரொம்பப் பெரிசு. கொல்வது மட்டுமல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, அதற்காக விரட்டுவது, இவற்றுக்கு முயற்சி செய்வது எல்லாமே வேட்டைதான். உயிருக்கு ஆபத்து என்று நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொண்டால் அது குற்றமாகாது. ஆனால் அந்த விலக்கு மனித உயிருக்குத்தான். வாழைத்தாரைக் காப்பாற்றினேன் என்று சொல்ல முடியாது.

2022 திருத்தத்துக்குப் பிறகு புள்ளிமானும் காட்டுப்பன்றியும் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. இந்த அட்டவணையில் உள்ள விலங்கு மனித உயிருக்கோ, நிற்கும் பயிர் உள்ளிட்ட சொத்துக்கோ ஆபத்தானதாக மாறிவிட்டால், காரணத்தை எழுத்தில் பதிவுசெய்து அதைச் சுட அனுமதி தரலாம். தருபவர் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அவர் அதிகாரம் கொடுத்த அதிகாரி. இது 11-வது பிரிவு. ஆக, சட்டத்தில் கதவு முழுசாக மூடியில்லை. சாவி மட்டும் விவசாயி கையில் இல்லை.

இன்னொரு கதவு 62-வது பிரிவு. ஒரு விலங்கைக் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட காலத்துக்குத் 'தொல்லை விலங்கு' என்று மத்திய அரசு அறிவிக்கலாம். அறிவித்துவிட்டால் அந்தக் காலம் முடியும்வரை அதற்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. 2015-16ல் பீகாரில் நீலான் மற்றும் காட்டுப்பன்றிக்கும், உத்தராகண்டில் காட்டுப்பன்றிக்கும், இமாச்சலில் குரங்குக்கும் அப்படி அறிவித்தார்கள். பீகாரின் மோகாமாவில் ஹைதராபாத்திலிருந்து ஆள் வரவழைத்து 200-க்கும் மேற்பட்ட நீலான்களைச் சுட்டார்கள். அந்த விவகாரத்தில் மத்திய அமைச்சர்கள் பிரகாஷ் ஜவடேகரும் மேனகா காந்தியும் வெளிப்படையாகவே மோதிக்கொண்டது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

கேரளா வேறு வழியில் போனது. மத்திய அரசு காட்டுப்பன்றியைத் தொல்லை விலங்காக அறிவிக்க மறுத்ததும், 2022-ல் சுடும் அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைப் பஞ்சாயத்துத் தலைவர் அளவுக்கு இறக்கியது. 2025 அக்டோபரில் சட்டத்தையே திருத்தும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. வாளையாறு தாண்டினால் ஒரு விதி, மதுக்கரையில் ஒரு விதி. எல்லையோர விவசாயிகளுக்கு இது எரிச்சலைக் கிளப்பாமல் என்ன செய்யும்?

தமிழ்நாட்டின் '1 - 3' கணக்கு

நம்ம மாநிலத்துக்கு வருவோம். கோவை மலையடிவார விவசாயிகளுக்கு மானைவிடப் பெரிய தலைவலி காட்டுப்பன்றி. 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் ஒரு கணக்கைச் சொன்னார். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றி வந்தால் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டர் தாண்டி வந்தால் சுடலாம். சுடுவது விவசாயி இல்லை, பயிற்சி பெற்ற வனத்துறை ஊழியர். அதற்கு முன் கிராம அளவிலான குழு பார்த்துச் சொல்லவேண்டும்.

காகிதத்தில் பார்த்தால் தெளிவான கோடு. கூகுள் மேப்பைத் திறந்து, போளுவாம்பட்டி காட்டின் எல்லையிலிருந்து ஆலாந்துறை, நரசீபுரம் பக்கத் தோட்டங்களுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். காட்டை ஒட்டியே தோட்டம். சேதம் அதிகமாக நடக்கும் இடம் முதல் வளையத்துக்குள்ளேயே வருகிறது. எங்க மாமா தோட்டம் இரண்டாவது வளையம். 'பிடித்துக் காட்டில் விடுவோம்' என்பது அவருக்குச் சொல்லப்பட்ட தீர்வு. 2 கிலோமீட்டர் தள்ளி விட்ட பன்றி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர் கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை.

அதற்காகக் கோடே வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. முதல் வளையத்தில் யானையும் சிறுத்தையும் நடமாடும். ராத்திரியில் அங்கே துப்பாக்கியோடு ஆட்களை இறக்குவது வேறு விபரீதம். சிறுத்தைக்குக் காட்டுப்பன்றி ஒரு முக்கியமான சாப்பாடும்கூட. அதை எடுத்துவிட்டால் அது ஆட்டுப்பட்டிக்கு வரும்.

கோடு வேலை செய்யாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் கவலை. அவுட்டுக்காய். பழத்துக்குள்ளோ தீனிக்குள்ளோ வெடிமருந்தை வைத்துப் பன்றிக்குப் போடுவது. கடித்தால் வாய் சிதறும். பன்றிக்கு வைத்ததை யானைக்குட்டி கடித்து, வாரக்கணக்கில் பட்டினி கிடந்து சாவது கோவை வனக்கோட்டத்துக்குப் புதிய செய்தி இல்லை. இன்னொன்று, நேரடி மின்சாரம் பாய்ச்சிய கம்பி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்யும் விதிகளை அரசு கொண்டுவந்தது. சட்டப்படியான வழி மெதுவாக நகரும்போது, சட்டத்துக்குப் புறம்பான வழி எந்த விலங்கு என்று பார்ப்பதில்லை.

சரி, மான்கள் அதிகமாகிவிட்டதா?

எங்கே என்பதைப் பொறுத்தது. முதுமலை, சத்தியமங்கலம், ஆனைமலை போன்ற காடுகளில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. அங்கே புள்ளிமான்தான் புலிக்கும் செந்நாய்க்கும் அன்றாடச் சோறு. மான் நிறைய இருந்தால்தான் புலி காட்டுக்குள்ளேயே இருக்கும். 'கணக்கெடுத்துக் குறைக்கும்' வேலையை அவை தினமும் சம்பளமில்லாமல் செய்கின்றன.

பிரச்னை, தின்னும் விலங்கு இல்லாமல் மான் மட்டும் மாட்டிக்கொண்ட இடங்களில். கிண்டி தேசியப் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர், நாலு பக்கமும் சென்னை. அங்கே ஆதியில் இருந்த சிறப்பு விலங்கு வெளிமான். புள்ளிமான் பின்னால் கொண்டுவரப்பட்டது. வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும், புள்ளிமானுக்கு மரநிழல் இருந்தால் போதும். மரங்கள் வளர வளர, வந்தவர் வீட்டுக்காரர் ஆகிவிட்டார். பக்கத்து ஐஐடி வளாகத்திலும் இதே மான்கள்தான். பிளாஸ்டிக்கைத் தின்று சாகின்றன, நாய் கடித்துச் சாகின்றன.

டெல்லி ஹவுஸ் காஸ் மான் பூங்காவில் 1960-களில் விட்டது 6 மான்கள். சில பத்தாண்டுகளில் அது சுமார் 600 ஆனது. நெருக்கம், சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம், நோய் பயம் என்று சொல்லி 2023-ல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அனுமதியை ரத்து செய்தது. மான்களை ராஜஸ்தான் காடுகளுக்கு அனுப்பும் வேலை தொடங்க, அதை எதிர்த்த வழக்கு உச்சநீதிமன்றம்வரை போனது.

நம்ம கோவைக்காரர்களுக்கு இது வ.உ.சி. பூங்காவை ஞாபகப்படுத்தும். ஸ்கூல் டூர் போய்க் கம்பி வலைக்கு வெளியே நின்று மானைப் பார்க்காதவர் யார்? இடம் போதாது என்று 2022-ல் அதே ஆணையம் அதன் அங்கீகாரத்தையும் ரத்து செய்தது. அங்கிருந்த புள்ளிமான்களை 2024 இறுதியில் சிறுவாணி அடிவாரக் காட்டில் விட்டார்கள். கூண்டில் பிறந்து, மனிதர் கையால் தீனி வாங்கிய மான், சிறுத்தை உள்ள காட்டில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு.

புள்ளிமானுக்கு சீசன் பொருந்தாது

இங்கேதான் அமெரிக்க ஃபார்முலா நம்மிடம் இடறுகிறது. குளிர்நாட்டு மான்கள் இலையுதிர் காலத்தில் கூடி, வசந்த காலத்தில் குட்டி போடும். எல்லாம் ஒரே சமயத்தில். அதனால் குட்டி பாலுக்கு அலையும் மாதங்களை மூடிவிட்டு, மற்ற மாதங்களைத் திறந்துவிடலாம். சீசன் என்ற யோசனையே இந்த நாட்காட்டியிலிருந்து பிறந்தது.

புள்ளிமானுக்கு அந்த நாட்காட்டி கிடையாது. சில மாதங்களில் கூடுதல், சிலவற்றில் குறைவு என்றாலும் வருடம் முழுக்க இனப்பெருக்கம் உண்டு. ஒரே கூட்டத்தில் முழுக் கொம்போடு ஒரு ஆண், வெல்வெட் கொம்போடு இன்னொன்று, கொம்பே உதிர்ந்து மூன்றாவது ஒன்று நிற்கும். எந்த மாதத்தில் சுட்டாலும் ஏதோ ஒரு தாய்க்குப் பின்னால் குட்டி நிற்கும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். ஒரு கூட்டத்தில் 100 மான், அதில் பெண் 60, ஆண் 40 என்று வைத்துக்கொள்வோம். கொம்புள்ள ஆணாகப் பார்த்து 30-ஐ எடுத்துவிட்டாலும், மிச்சமுள்ள 10 ஆண்கள் போதும், அடுத்த வருடம் குட்டிகளின் எண்ணிக்கை பெரிதாகக் குறையாது. கூட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பெண் மானைத்தான் எடுக்க வேண்டும். சுவரில் மாட்டக் கொம்பு கிடைக்காத அந்த வேலைக்கு ஆர்வமாக யாரும் வருவதில்லை. அமெரிக்க மாநிலங்கள் பெண் மான்களுக்குத் தனி டேக் அள்ளிக் கொடுப்பது இதனால்தான்.

பிடித்து இடம் மாற்றலாமே?

நம்மூரில் எல்லோரும் முதலில் சொல்லும் தீர்வு இது. ஆனால் மான், பிடிபடும் பயத்திலேயே செத்துப்போகும் விலங்கு. துரத்தி, வலையில் போட்டு, லாரியில் ஏற்றும்போது ஏற்படும் அதிர்ச்சியில் தசைகள் சிதைந்து, வெளிக்காயமே இல்லாமல் சில நாளில் விழுந்துவிடும்.

அதனால்தான் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த 'போமா' முறையை இப்போது பயன்படுத்துகிறார்கள். பெரிய புனல் வடிவத்தில் துணிச்சுவர் கட்டி, மான்களை மெதுவாக அதன் குறுகிய முனைக்கு ஓட்டி, கை படாமலேயே வண்டிக்குள் ஏற்றுவது. மத்தியப் பிரதேசம் இதில் கைதேர்ந்த மாநிலம். குனோவில் சிவிங்கிப்புலிகளுக்கு இரையாகப் புள்ளிமான்கள் இப்படித்தான் போயின. 2025 அக்டோபரில் ஷாஜாபூர் பகுதியில், பயிர்களை மேய்ந்துகொண்டிருந்த வெளிமான்களையும் நீலான்களையும் தென்னாப்பிரிக்க நிபுணர்களோடு சேர்ந்து ஹெலிகாப்டரில் ஓட்டிப் பிடித்தார்கள். 900-க்கும் மேல் இடம் மாறின. ஒரு துப்பாக்கிக் குண்டு செலவில்லை. ஹெலிகாப்டர் செலவு இருக்கிறது.

அந்த வழி இங்கே வருமா? நம்ம பகுதியில் அதற்கான இடம் திருப்பூர் மாவட்டம், அவிநாசி பக்கம். புதுப்பாளையம், கோதபாளையம் மாதிரி ஊர்களில், கௌசிகா நதித் தடத்தை ஒட்டிய புதர்களில் புள்ளிமான் கூட்டம் வருடக்கணக்காக வாழ்கிறது. சுற்றி பனியன் கம்பெனிகள், தோட்டங்கள், நான்கு வழிச்சாலை. புலி இல்லை, காப்புக்காடு இல்லை. தண்ணீர் தேடி ரோட்டுக்கு வந்தால் வண்டி, தோட்டத்துக்குள் போனால் நாய். சோளம் போட்டவருக்கும் நஷ்டம், மானுக்கும் நஷ்டம்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "சுடச் சொல்லி நானும் கேக்கல சாமி. மான் வந்தா மூணு தழை கடிச்சுட்டுப் போகுது, பன்னி வந்தா பாத்தியே போயிருது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு அந்தக் கோட்டைப் போட்டாங்களா?" என்றார்.

அவிநாசி மான்களுக்கு அப்படி ஒரு கோடுகூட இல்லை. 1 - 3 கிலோமீட்டர் விதி பன்றிக்கு மட்டும்தான். மானுக்கு இன்றைக்கும் ஒவ்வொரு தடவையும் தனி மனு, தனிக் கோப்பு. அடுத்த மழை தவறினால் அவை மறுபடி ரோட்டுக்குத்தான் வரும். அவிநாசி ரோட்டில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வருபவர்கள், தெக்கலூர் தாண்டியதும் கொஞ்சம் மெதுவாகவே வாங்க.